வாய்ஸ்க்கார அக்காவின் பிள்ளை

நாற்பது நாளாகச் சடையம்பாளையத்துச் செல்போன்களுக்குள் அழுதுகொண்டிருந்த பெண், ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில், ஈரோட்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸிலிருந்து கையில் ஒரு வயர் கூடையோடு இறங்கினாள். அவளை அதற்கு முன்பு யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் டீக்கடை வாசலில் நின்று, "அம்மாமாரே, அக்காமாரே, ஒரு நிமிசம் கேளுங்க" என்று அவள் வாயைத் திறந்ததும், டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார், வடை தின்றுகொண்டிருந்த இரண்டு தறிக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், எதிரே கலர்லேப்பும் ஃபிளக்ஸ் கடையும் வைத்திருக்கும் குமரேசன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தான். ஊரில் எல்லோருக்கும் அந்தக் குரல் மனப்பாடமாகியிருந்தது.

சடையம்பாளையம் முழுக்க விசைத்தறி. தறி ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது என்பதால், வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் செல்லைக் காதோடு ஒட்டவைத்து, மறு காதை விரலால் அடைத்து, கண்ணையும் மூடிக்கொண்டு, இரண்டு தடவை மூன்று தடவை கேட்பார்கள். அப்படிக் கேட்டது ஒருபோதும் காதோடு நிற்பதில்லை. அவளுடைய வாய்ஸ் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. 'நேத்து வரைக்கும் ஓடியாடிட்டு இருந்த புள்ளைங்க. பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்க' என்பாள். அங்கே மூச்சு ஒரு தரம் இடறும், பின்னால் எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடிக்கும். 'சாயங்காலம் வந்து, அம்மா தண்ணின்னுச்சு. அவ்வளவுதானுங்க. என்ற புள்ளையத் திருப்பித் தருவாங்களா? உங்க புள்ளைகளைக் காப்பாத்துங்க. இதை எல்லாருக்கும் அனுப்புங்க.' குமரேசன் அட்மினாக இருக்கும் 'நம்ம ஊர் நல்ல செய்தி' குரூப்பில் அது முதலில் வந்தது, அங்கிருந்து தறிப்பட்டறைக் குரூப்புக்கும், அங்கிருந்து மாரியம்மன் கோயில் குரூப்புக்கும், அங்கிருந்து கட்டிக்கொடுத்த பெண்களின் ஊர்களுக்கும் போய், அலுத்துப்போய், மறுபடி புதிதாக ஊருக்கே திரும்பி வந்தது.

டீக்கடை வாசலில் அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள். மூச்சு இடறும் இடத்தில் இடறியது. எந்த வீட்டிலிருந்தோ, அல்லது எந்த வீட்டிலிருந்தும் இல்லாமலோ, குக்கர் விசில் அடித்தது. அவள் எப்படி வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வர ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்றுதான் கேட்டார்கள்.

அவளை எங்கே தங்கவைப்பது என்ற பேச்சு வந்தபோது கோகிலவாணி, "என்ற ஊட்டுல நூல் ரூம் சும்மாத்தான் கெடக்குது, அங்கியே இருக்கட்டும்" என்றாள். நல்ல மனசு என்று ஊர் நினைத்தது. கோகிலவாணிக்கு அப்படியொரு மனசு இருப்பதாக அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. நான்கு தறி, ஒரு புருஷன், பத்து வயதில் ஒரு பெண் என்று குடித்தனம் நடத்தும் அவள், பால்காரர் ஊற்றிய பாலை மோந்து பார்ப்பாள், ரேஷன் அரிசியை வீட்டில் மறுபடி எடை போடுவாள், கோயில் பிரசாதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சந்தேகப்படும்படியான ஆள் ஊருக்குள் வந்தால் அது தன் கண்ணெதிரே இருக்க வேண்டும், அடுத்த தெருவில் இருந்தால் தூக்கம் வராது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

ஊர் அவளுக்கு வாய்ஸ்க்கார அக்கா என்று பெயர் வைத்தது. வாய்ஸில் இருந்த வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் பேச வராது என்பதை இரண்டே நாளில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள், அதற்குத் தகுந்தபடி பழகியும் கொண்டார்கள். தாகமாக இருந்தால் 'அம்மா தண்ணி' என்பாள், சின்னப் பிள்ளைக் குரலில். சோறு போதும் என்பதற்கு 'அவ்வளவுதானுங்க'. யாராவது எழுந்து போகப் பார்த்தால் 'ஒரு நிமிசம் கேளுங்க'. வாய்ஸ் புதிதாக நாலு ஊருக்குப் போன நாட்களில் அவள் சதை போட்டு, ரவிக்கை இறுகி, படியேறும்போது மூச்சு வாங்கினாள். கிரிக்கெட் மேட்ச் நடந்த வாரத்தில் யாரும் எதையும் அனுப்பாததால் கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறிக்கொண்டது. அதைப் பார்த்துப் பாவப்பட்ட பெண்கள், ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பி அவளைத் தேற்றினார்கள். அவளை நம்பினார்களா என்றால், சடையம்பாளையத்துக்காரர்கள் சுலபத்தில் யாரையும் நம்புகிறவர்கள் இல்லை. அவளை நம்பியது, மற்ற எல்லாரையும் சந்தேகப்பட அது வசதியாக இருந்ததால்.

முதலில் மாட்டியது நர்ஸ் வளர்மதி. பதினோரு வருஷமாக அந்த ஊருக்கு ஸ்கூட்டியில் வந்துபோகிறவள், பாதிப் பிள்ளைகளைப் பிறந்த அன்றே கையில் வாங்கியவள். இப்போது அவள் தோளில் தொங்கும் நீலநிறப் பெட்டியை ஊர் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதில் ஐஸ் எதற்கு, மருந்து கெட்டுப்போகும் என்றால் அது என்ன மருந்து, கெட்டுப்போகிற ஒன்றைப் பிள்ளை உடம்பில் ஏன் ஏற்ற வேண்டும், இத்தனை நாள் இல்லாமல் இப்போது வீடு வீடாக ஏன் வருகிறாள் என்று கேட்டார்கள். அவள் பதினோரு வருஷமாக வீடு வீடாகத்தான் வந்துகொண்டிருந்தாள் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து வயசு ஊசி போட வேண்டும். அது டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கும் தடுப்பு. அதற்கான சம்மதத் தாள் அறுபத்திரண்டு வீட்டுக்குப் போய், அறுபத்திரண்டும் 'வேண்டாம்' என்று திரும்பி வந்தது. கோகிலவாணியின் மகள் மிதுனாவின் தாளும் அதில் ஒன்று. கோகிலவாணி யோசித்தாள்தான். ஆனால் புருஷன் பூபதி, "ஊரே வேண்டாங்குது, நாம மட்டும் போட்டு எதாச்சும் ஆனா நாளைக்கு ஆரைக் கேக்கறது?" என்றான். அவள் சந்தேகம் இரண்டு பக்கமும் சரிசமமாகத்தான் நின்றது. கையெழுத்து மட்டும் ஒரு பக்கம் விழுந்தது.

ஒருநாள் வளர்மதியே வீட்டுக்கு வந்தாள்.

"உங்க புள்ளைக்குப் போட்டீங்களா நீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் கோகிலவாணி.

"போட்டேனுங்க. இப்பக் காலேஜ் போறா."

"போட்டதுக்கு ஃபோட்டோ இருக்குதுங்களா?"

"ஊசி போடறதை ஆருங்க ஃபோட்டோ எடுக்கறாங்க?"

"அதான் பாத்தேன்" என்றாள் கோகிலவாணி.

வளர்மதி கோபித்துக்கொள்ளவில்லை. நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வாய்ஸ்க்கார அக்காவின் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். 'பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்க' என்றாள் அவள். 'சாயங்காலம் வந்து, அம்மா தண்ணின்னுச்சு' என்றாள். வளர்மதி மறுபடியும் கேட்டாள். அதற்குள் வாசலில் கூடிவிட்ட கூட்டம், பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாளே என்று கொதித்தது; மறுநாளே மேலே புகார் போயிற்று. அதன்பிறகு நீலநிறப் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

இதற்கிடையில் குமரேசனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை பேர் அழுதும் அந்தப் பிள்ளைக்கு முறைப்படி ஒரு கண்ணீர் அஞ்சலி வைக்கவில்லையே, கடை சார்பாக ஒரு ஃபிளக்ஸ் அடித்துவிடுவோம் என்று பேப்பரும் பேனாவுமாக அவளிடம் வந்து உட்கார்ந்தான். பிள்ளையின் பெயர் கேட்டான். 'நேத்து வரைக்கும் ஓடியாடிட்டு இருந்த புள்ளைங்க' என்றாள். எப்போது தவறியது என்று கேட்டான். அதே பதில். குமரேசன் தொழில் தெரிந்தவன், எதற்கும் திகைக்கிறவன் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'குழந்தைச் செல்வம்' என்று போட்டான். தோற்றம் என்பதற்கு எதிரே ஒரு கோடு. மறைவு என்பதற்கு எதிரே 'நேற்று' என்று அடித்தான். பஸ் ஸ்டாண்டில் பத்தடி உயரத்தில் நின்ற அந்த ஃபிளக்ஸை எந்த நாளில் படித்தாலும் பிள்ளை நேற்றுத்தான் செத்திருந்தது.

முகத்துக்கு மட்டும் அவன் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்காக அவன் எடுத்த பாஸ்போர்ட் ஃபோட்டோக்கள் அதில் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தான், பொட்டைக் கலைத்தான், ரெட்டை ஜடையை அழித்து நெற்றியில் கொஞ்சம் முடி வரைந்தான், பையனா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கிவிட்டு, சுற்றிலும் மல்லிகைப்பூ மாலை போட்டான்.

தேங்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்த கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். மாலைக்கு நடுவிலிருந்து அவள் வயிற்றில் பிறந்தது அவளைப் பார்த்தது. தேங்காய்ப் பையை அங்கேயே வைத்துவிட்டு நேராகக் கடைக்குள் போனாள்.

"ஏன்டா, என்ற புள்ளையத் தூக்கிச் சாவு போர்டுல வெச்சிருக்கற?"

"அது மிதுனா இல்லக்கா. பொட்டு எடுத்தாச்சு, முடி மாத்தியாச்சு. உங்களைத் தவிர ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதில்ல?"

"அதுக்கு என்னக்கா பண்றது, ஒரு மொகம் வேணுமில்ல? மொகமே இல்லாம ஆரைப் பாத்து அழுவாங்க?"

அவனை அறைந்திருப்பாள். அறையாமல் நின்றதற்குக் காரணம், அவன் சொன்னது அவள் காதுக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டதுதான். "அப்ப அந்த வாய்ஸு உனக்கு ஆரு அனுப்புனாங்க?" என்று கேட்டாள். செல்லைத் தடவிப் பார்த்து, தறிக்காரன் ஒருவனின் மைத்துனன் என்றான். அவளே அந்த மைத்துனனுக்குப் போன் போட்டாள். அவன் பவானியில் ஒரு பெண்ணைச் சொன்னான். அவள் தன் சித்தியைச் சொன்னாள். ஒன்பதாவது போனில் ஒருத்தர், "சடையம்பாளையத்துல குமரேசன்னு ஒருத்தர், ஃபிளக்ஸ் கடை வெச்சிருக்கார், அவர் அனுப்புனதுங்க" என்றார்.

ஃபிளக்ஸை எடுக்கச் சொல்லி எடுக்கவைத்தாள். ஆனால் அதற்குள் அதை ஃபோட்டோ பிடித்து வாய்ஸோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டு, பேச்சே வராமல் அழுதாள், மிதுனாவைப் போனில் பேசவைத்த பிறகும், "நெசமாலுமே அவதானா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். அந்தக் குடும்பத்துக்கே உண்டான சந்தேகம். தெருவில் பெண்கள் மிதுனாவைக் கண்டால் தலையைத் தடவி உச்சுக் கொட்டினார்கள். வாய்ஸ்க்கார அக்காவோ, தன் பிள்ளைக்கு ஒரு முகம் கிடைத்த நாளிலிருந்து, மிதுனா எங்கே போனாலும் பார்வையால் பின்தொடர்ந்தாள். ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மிதுனாவின் எதிரே வந்து உட்கார்ந்து, அவள் ஜடையைக் கையில் எடுத்து, 'என்ற புள்ளையத் திருப்பித் தருவாங்களா?' என்றாள். கோகிலவாணி அந்த ஜடையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

அந்த வாரத்தில்தான் ருக்குமணியின் மகன் பிரவீனுக்குத் தொண்டை வலித்தது.

ருக்குமணி கோகிலவாணியின் பட்டறையிலேயே தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். அதிர்ந்து பேசமாட்டாள். பிரவீன் மிதுனாவோடு ஒரே பெஞ்சில் படிக்கிறவன், அவளுடைய பென்சிலைக் கடித்துக்கடித்துக் கொடுப்பதாகத் தினமும் ஒரு புகார் வரும். முதல் நாள் கஷாயம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் கழுத்து வீங்கியது. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு போனபோது பெரிய ஆஸ்பத்திரியில், தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் படலம் கட்டி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது, இது தொண்டை அடைப்பான், முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாம் நாள் காலை ஆம்புலன்ஸில் திரும்பி வந்தான். அவனுக்கும் குமரேசன்தான் ஃபிளக்ஸ் அடித்தான். அதில் பெயரும் முகமும் தேதியும் இருந்தன. அதை யாரும் ஃபோட்டோ பிடிக்கவில்லை.

ஊர் கொஞ்சநேரம் வாயடைத்துப்போனது. பிறகு பழையபடி திறந்துகொண்டது. ஊசி போடாத பிள்ளைக்கு எப்படி வந்தது, பக்கத்து ஊரில் ஊசி போட்ட பிள்ளைகள் விட்ட மூச்சுதான் இங்கே பரவியிருக்கிறது என்று ஒரு வாய்ஸ் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று இன்னொன்று. வளர்மதி துக்கத்துக்கு வந்தபோது அவளுக்கு யாரும் வழிவிடவில்லை. தெருமுனையில் ஸ்கூட்டியின் பக்கத்திலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

கோகிலவாணி மூன்று நாள் ருக்குமணியோடு உட்கார்ந்திருந்தாள். ருக்குமணியின் அழுகை ஒரு ஒழுங்கில் இல்லை. வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், திடீரென்று, "காஸை நிறுத்துனனா?" என்று எழப்பார்ப்பாள். செத்துப்போன மகனை, செருப்பை எங்கேடா கழட்டிப்போட்ட என்று திட்டுவாள். எதையோ நினைத்துச் சிரிக்கக்கூடச் செய்தாள், பிறகு அந்தச் சிரிப்பே அடித்தொண்டையில் இறங்கி ஊளையாக மாறியது. ஒருதடவை சொன்னதை மறுதடவை சொல்லவில்லை. சொன்னாலும் வேறு இடத்தில் உடைந்தாள்.

நான்காம் நாள் கோகிலவாணி தன் பட்டறைக்கு வந்து, தறியிலிருந்து அறுத்துவைத்த துணிப் பீஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பழுது பார்க்க ஆரம்பித்தாள். தறிக்காரர்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. துணியில் பழுது கண்டபடி வந்தால் அது நூலில் உள்ள பழுது. நூல் என்பது செடியில் விளைந்தது, எங்கே வேண்டுமானாலும் இளைக்கும், எங்கே வேண்டுமானாலும் முடிச்சு விழும். ஆனால் சொல்லிவைத்தாற்போல முழத்துக்கு ஒரு தடவை, அதே இடத்தில், அதே மாதிரி வந்தால் நூலைக் குறை சொல்வதில் பயனில்லை. தறியில் ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். பக்கத்து நூல் ரூமில் வாய்ஸ்க்கார அக்கா துக்கம் கேட்க வந்த யாருக்கோ தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்க.' மூச்சு இடறியது. விசில் அடித்தது. 'சாயங்காலம் வந்து...' கோகிலவாணி துணியை மடியில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். அடுத்து ஒருத்தி வந்தாள், மறுபடியும் சொன்னாள். அதே இடத்தில் இடறியது. மூன்றாவது ஆளுக்கும் அதே இடம். ஒரு இழைகூட விலகவில்லை.

நாற்பது நாளும் அதற்கு மேலும் இதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோமே, நாலு தறி வைத்திருக்கிற நமக்கு இது தெரியவில்லையே என்று கோகிலவாணிக்கு அவமானமாக இருந்தது. பால்காரரை மோந்து பார்த்த மூக்கு, அரிசியை நிறுத்துப் பார்த்த கை, இந்த ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் கூட்டிவந்து சோறு போட்டிருக்கிறது. அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் வெறும் துணி. எங்கோ ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, மூடிய கேட்டைப் பெரிய டாக்டரே வந்து திறக்கச் சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டார்கள். ஒரு பிள்ளை செத்த ஊர் என்பதால் பதினைந்து வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் ஊசி. வளர்மதி மேஜைக்குப் பின்னால் காத்திருந்தாள். ஊர் கேட்டுக்கு வெளியே காத்திருந்தது. உள்ளே போனது ருக்குமணி ஒருத்திதான், தன் எட்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் தைரியம் இல்லை.

மிதுனாவோடு கோகிலவாணி வந்ததும் கூட்டம் மரியாதையாக விலகியது. சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தார்கள். குமரேசன் செல்லைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தான். வாய்ஸ்க்கார அக்கா எங்கிருந்தோ வேகமாக வந்து, கேட்டுக்குக் குறுக்கே நின்று, மிதுனாவைப் பார்த்துக்கொண்டே, 'உங்க புள்ளைகளைக் காப்பாத்துங்க' என்றாள்.

"அதுக்குத்தான் வந்திருக்கறேன்" என்றாள் கோகிலவாணி. "நீ சித்தெ எனக்குப் பதில் சொல்லு. உன்ற புள்ளை பேரென்ன?"

'நேத்து வரைக்கும் ஓடியாடிட்டு இருந்த புள்ளைங்க.'

"பையனா, பொண்ணா?"

'பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்க.'

"எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கும்? சோத்துல எதை ஒதுக்கி வெக்கும்? பேர் சொல்லிக் கூப்ட்டா எத்தனாவது தடவை திரும்பிப் பாக்கும்?"

கூட்டத்தில் யாரோ, "பாவம், உட்ருங்க அக்கா" என்றார்கள். வாய்ஸ்க்கார அக்கா வாயைத் திறந்தாள். 'இதை எல்லாருக்கும்' என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். வாய் இன்னும் திறந்தே இருந்தது. உள்ளே எதையோ தேடுவது முகத்தில் தெரிந்தது. திறந்த பெட்டிக்குள் கையை விட்டதுபோல, அடிவரை ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எனக்குத் தெரியலீங்க அக்கா" என்றாள். யாரும் கேட்டிராத, கரகரத்த, சின்னக் குரல். "எனக்குப் புள்ளை இருந்துச்சுங்களா?"

யாரையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறவள், பஸ் கண்டக்டரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் ஒரே மாதிரி நிறுத்திக் கேட்கிற கோகிலவாணி, அந்தக் கண்களைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆமாம் என்றால் அவளுக்கு ஒரு பிள்ளை மிஞ்சும். ஆமாம் என்றால் மிதுனாவோடு வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

"இல்லம்மா" என்றாள். "உனக்குப் புள்ளையே இல்ல. ஆரோ உன்னை அழ வெச்சிருக்கறாங்க."

நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவள் முகம் மெல்ல மெல்ல இளகியது. நெற்றிச் சுருக்கம் போயிற்று. இத்தனை நாளில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, இப்போது கிட்டத்தட்டச் சிரித்தாள். "அப்ப ஒரு புள்ளையும் சாகலீங்களா?" என்று, பரீட்சை முடிவு கேட்கிறவள் மாதிரி ஆசையாகக் கேட்டாள்.

"செத்துச்சு" என்றது ஒரு குரல். சாமியானாவுக்குக் கீழே இருந்து ருக்குமணி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ற புள்ளை."

அவ்வளவுதான் சொன்னாள். குமரேசனின் கை தானாகக் கீழே இறங்கியது. வாய்ஸ்க்கார அக்கா ருக்குமணியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டை விட்டு விலகி, வயர் கூடைகூட இல்லாமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். "எங்க போறீங்க?" என்று டீ மாஸ்டர் கேட்டதற்கு, "என்னைப் பேச வெச்சவங்களைத் தேடித்தானுங்க" என்றாளாம். எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பதில் இன்றுவரை ஆளுக்கு ஒரு பேச்சு.

கோகிலவாணி உள்ளே போனாள். அவள் பின்னால் ஐந்தாறு பேர் தயங்கித்தயங்கி வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. மருந்துப் புட்டியை வாங்கித் தேதியைப் படித்தாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், ஊசியைத் தன் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னாள். வளர்மதி பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினாள். "இப்பிடியே கேளுங்க. எல்லாத்துக்கிட்டயும் இப்பிடிக் கேளுங்க" என்றாள்.

வரிசையில் முதலில் ருக்குமணியின் பெண். வளர்மதி சம்மதத் தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். ருக்குமணி போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த பழைய தாள்களின் கட்டைப் பார்த்தாள்.

"பெரியவனோட தாளு இதுக்குள்ள இருக்குதுங்களா?"

வளர்மதி தலையசைத்தாள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டனுங்க" என்றாள் ருக்குமணி. "அதை மட்டும் சித்தெ எடுங்களேன். மாத்திப் போட்டுத் தந்தர்றேன்."

வளர்மதி கட்டைப் பிரிக்கவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. இரண்டு கையாலும் அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ருக்குமணி பேனாவோடு காத்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணிதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை வாங்கினாள். தன் மகளின் தாளைக் கேட்டு வாங்கி, 'வேண்டாம்' என்று தான் எழுதியதை அடித்து, அதற்குக் கீழே புதிதாகக் கையெழுத்துப் போட்டாள். அதில் அதற்கு இடம் இருந்தது.